அவள் பெயர் மேலே இருக்கும்வரை

சைக்கிள் ஓட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்றால் எங்கள் ஊர் ஈப்போவில் யாரும் நம்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஓர் ஆன்ட்டி என்னைப் பிடித்துக்கொள்வார்.

"பாப்பா, இப்ப என்ன வேல பாக்குற?"

"சைக்கிள் ஓட்டுறேன் ஆன்ட்டி."

"அது தெரியும்லா. வேல என்னன்னு கேட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறும். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைக் கிள்ளிவிடுவார். ஆன்ட்டி தப்பித்துவிடுவார்.

வேலை இதுதான். மலை உச்சியிலிருந்து ஒவ்வொருவராக இறக்கிவிடுவார்கள். கல், வேர், சேறு, பள்ளம் எல்லாவற்றையும் தாண்டி யார் குறைந்த நேரத்தில் அடிவாரம் சேர்கிறார்களோ அவர்களுக்குத்தான் வெற்றி. ஒரு சைக்கிள் கம்பெனி எனக்குச் சைக்கிளும் சம்பளமும் கொடுத்து ஊர் ஊராக அனுப்புகிறது. பயமாக இல்லையா என்று கேட்பார்கள். இல்லாமல் என்ன? விழுந்து முறிந்த என் தோளெலும்பில் ஒரு தகடு இருக்கிறது, அதை வைத்த வலி எனக்கு மறக்கவில்லை. ஆனால் கண் எங்கே போகிறதோ அங்கேதான் சைக்கிளும் போகும். மரத்தைப் பார்த்தால் மரத்தில்தான் போய் முட்டுவோம். அதனால் மரங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை மட்டும் பார்க்கப் பழகிக்கொண்டேன். அந்த இடைவெளியில் எப்போதும் ஒருத்தியின் முதுகு தெரியும். இன்றைக்கும் தெரிகிறது.

அவள் ஊர் சிலிம் ரிவர், அதனால் சிலிம் ரிவர்காரி. நான் அவளை அப்படித்தான் கூப்பிடுவேன். முதன்முதலில் ஒரு பந்தயத்தில் பார்த்தேன். பெண்கள் பிரிவில் ஆள் குறைவு, இன்னும் ஒருத்தி வராவிட்டால் பிரிவையே எடுத்துவிடுவோம் என்று பந்தயம் நடத்துகிறவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, அண்ணனின் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, முழங்கால் கிழிந்த டிரக் சூட்டில் வந்து நின்றாள். "இங்கதான் கீழ இறங்குற போட்டியா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அன்று அவள் என்னை ஜெயித்தாள். அதற்குப் பிறகும் அவளேதான் ஜெயித்தாள். நான் ஒரு தடவைகூட அவளை முந்தியதில்லை. அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும், பார்க்காவிட்டால் அன்றைய சோறு இறங்காது.

நாங்கள் பயிற்சி செய்தது ஒரு பழைய பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில். கீழே எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை ஆகிவிட்டது. சரிவு அதிகமான மேட்டில் மட்டும் பால்மரங்களை அப்படியே விட்டுவிட்டார்கள். பாலுக்கு மரம் சீவப் போனவர்கள் நடந்து நடந்து போட்ட தடம்தான் எங்கள் பாதை. காய் வெடிக்கும் மாதங்களில் கொட்டைகள் தரையெல்லாம் கிடக்கும், டயர் அதில் ஏறினால் சோளப்பொரி மேல் ஓட்டுவது மாதிரி வழுக்கும். அவள் முன்னால் போவாள், நான் பின்னால். "கொட்ட கொட்ட! எடது பக்கம் வாடி!" என்று கத்திக்கொண்டே போவாள். கடைசியில் ஒரு பழைய கான் வரும். மழைத் தண்ணீர் ஓட அந்தக் காலத்தில் வெட்டிய கால்வாய். அதை ஒரே தாவலில் தாண்டினால் பாதை முடிந்தது. பிறகு ரோட்டோர மாமாக் சாப்பாட்டுக் கடையில், பரோட்டா மாதிரி இருக்கும் ரொட்டி சானாய். நான் எங்கெங்கே பயந்தேன் என்று மேசையிலிருக்கும் கிளாஸையும் கரண்டியையும் வைத்து அவள் நடித்துக் காட்டுவாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும்.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது. நல்ல மனிதர், ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் வியாபாரம். யாரும் அவளைத் தடுக்கவில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த ஊர் தட்டையான ஊர். "இங்க மேடுன்னு ஒண்ணு இருந்தா அது ரோட்டுல போட்ட ஸ்பீடு பம்ப்புதான்லா" என்று போனில் சொல்வாள். பிள்ளை பிறந்தது. அடுத்த மாசம் வாரேன் என்றாள், அடுத்த மாசமும் அதையே சொன்னாள். நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வெளியூர்களில் ஓட்டத் தொடங்கினேன். கோப்பைகள் வந்தன. மேடையில் ஏறி நின்றால் என் கண் கூட்டத்தில் அவளைத் தேடும். அவளை ஜெயிக்காமல் எதை ஜெயித்து என்ன?

எங்கள் பாதையில் மட்டும் அவள் இன்னும் இருந்தாள். எங்கள் போனில் ஒரு செயலி உண்டு. அந்த மேட்டிலிருந்து யார் இறங்கினாலும் அவர்களுடைய நேரத்தைக் குறித்து வரிசைப்படுத்தும். பெண்கள் வரிசையில் முதல் பெயர் அவளுடையது, இரண்டாவது என்னுடையது. கைப்பிடியில் மாட்டியிருக்கும் சின்னத் திரை, ஓட்டும்போதே நான் அவளைவிட முந்துகிறேனா, பிந்துகிறேனா என்று காட்டும். ஊருக்கு வரும்போதெல்லாம் போய் ஓட்டினேன். இப்போது என் கால் வேறு, சைக்கிளும் வேறு. கான் வருவதற்குள் முந்தியிருப்பேன். அப்போது என் விரல்கள் தானாகப் பிரேக்குக்குப் போகும். நான் தாண்டினால் அவள் பெயர் கீழே இறங்கிவிடும். பிறகு அந்த மேட்டில் அவளுக்கு என்ன மிச்சம்? ஒவ்வொரு முறையும் இரண்டாவதாகவே வந்து, காருக்குள் உட்கார்ந்து, அவள் பெயரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன விடுமுறையில் ஒரு நாள் போன் வந்தது. ஹலோகூட இல்லை.

"கான் கிட்ட வந்தா உனக்கு என்னடி ஆவுது? பாம்பு கீம்பு படுத்திருக்கா?"

"என்ன சொல்ற?"

"நீ ஓட்டுறது எல்லாம் என் போன்லயும் வருதுல்ல? வேகம் கோடு மாதிரி போவுது. நல்லாத்தான் போவுது. கான் வந்ததும் பொத்துனு விழுது. ஒவ்வொரு தடவையுமா? என்னைய பாவம் பாக்குறியா?"

"சத்தியமா இல்லடி."

"பின்ன?"

"நீ மேலேயே இருக்கணும்னு ஆச."

"நான் என்ன சாமி படமா, மேல மாட்டி வச்சிக் கும்பிட? உனக்கு வெக்கமா இல்ல? நாளைக்குப் போயி ஒழுங்கா இறங்குற. இல்லன்னா என் மூஞ்சில முழிக்காத."

மறுநாள் காலை போனேன். முதல் நாள் பெய்த மழையில் மண் ஈரமாக இருந்தது. உச்சியில் நின்று ஹெல்மெட் வாரை இரண்டு முறை அவிழ்த்து மாட்டினேன், எந்த நாட்டிலும் நான் அப்படிச் செய்ததில்லை. இறங்கினேன். கொட்டைகள் டயருக்குக் கீழே படபடவென்று நொறுங்கின. திரையில் முந்தியிருந்தேன். கான் வந்தது. இரண்டு விரல்களையும் பிரேக்கிலிருந்து எடுத்துக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் சக்கரங்கள் போய் இறங்கிய சத்தம் எனக்கே கேட்டது.

ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. முதலிடம் கைமாறியதைச் செயலி அவளுக்கும் சொல்லியிருந்தது.

"அலாமாக்! எடுத்துட்டியா! எடுத்துட்டியாடி!" என்று காது கிழியக் கத்தினாள். பின்னால் பிள்ளை பயந்து வீறிட்டது. அதைச் சமாதானப்படுத்திக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் அவள் குரல் இறங்கிப்போனது.

"இனி நிம்மதியா அந்தச் சைக்கிள வித்துடலாம்லா. சித்தியவான் ஊர்ப் பையன் ஒருத்தன் ரொம்ப நாளா கேக்குறான். மேல என் பேரு இருக்குறப்ப மனசு வரல. யாராச்சும் முந்திட்டா நான் திரும்ப இறங்கணும்ல, அதுக்காகத்தான் வச்சிருந்தேன்."

இப்படி என்று தெரிந்திருந்தால் அன்றும் பிரேக் போட்டிருப்பேன்.

"விக்காதடி."

"வச்சி? இப்ப துணிதான் காயப் போடுறேன் அதுல."

"ஒரே ஒரு தடவ வாடி. நேரம் கீரம் ஒண்ணும் பாக்க வேணாம். நீ முன்னாடி போ, நான் பின்னாடி வாரேன். அது போதும்."

"இப்ப நான் முன்னாடி போனா, நீ மேல இருந்து கீழ வரைக்கும் பிரேக் போட்டுக்கிட்டேதான் வரணும்."

"போடுறேன்டி," என்றேன். "கீழ வரைக்கும் போடுறேன்."

அவள் வருகிறேன் என்று சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை. பிள்ளையின் அழுகை நின்று வெகுநேரம் ஆன பிறகும் இருவரும் போனைக் காதில் வைத்தபடியே இருந்தோம்.