காரணம்: கடல் பார்க்க

துரை வீட்டுக் கூடாரத்தைத் தைத்துக் கொடுத்ததால்தான் எனக்கு அந்தத் திமிர் வந்தது என்று பிரிக்ஃபீல்ட்ஸ் லயத்தில் எல்லாரும் பேசினார்கள். பேசட்டும். அது உண்மைதான்.

என் வீட்டுக்காரர் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் இரும்புப் பட்டறையில் பிட்டர். கம்பெனி கொடுத்த லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு ஓர் அறையும் ஒரு அடுப்படியும். நான் தையல் மிஷின் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துக்குத் தைப்பேன். ஒருநாள் பட்டறைத் துரையின் பங்களாச் சமையல்காரன் ஒரு பெரிய கித்தான் மூட்டையைக் கொண்டுவந்து போட்டான். கிழிந்த கூடாரம். துரை வருஷா வருஷம் பெண்டாட்டி பிள்ளைகளோடு மோட்டாரில் கடற்கரைக்குப் போய், இதைக் கட்டி நாலைந்து நாள் படுத்திருந்துவிட்டு வருவாராம்.

"யாருக்கு என்ன வேண்டுதல்?" என்று கேட்டேன்.

"வேண்டுதலாவது ஒண்ணாவது! கடல் பாக்கத்தான்க்கா போறாங்க" என்று சிரித்தான்.

அந்தக் கித்தானில் எனக்கு இரண்டு ஊசி உடைந்தது. தைக்கத் தைக்க வயிற்றெரிச்சல். ஏழு வயதில் நான் இந்த மலாய் நாட்டுக்குக் கப்பலில் வந்தேன். கீழ்த்தட்டில், காய்ச்சலோடு, அம்மா மடியில் கிடந்தேன். அத்தனை நாள் கடல்மேல் வந்தும் கடலை நான் பார்க்கவில்லை. அதற்கப்புறம் கிள்ளான் வரைக்கும் மூன்று தடவை போயிருக்கிறேன். இரண்டு கல்யாணம், ஒரு சாவு. கிள்ளானைத் தாண்டினால் கடல். யாருக்கும் தாண்டத் தோன்றவில்லை. எங்கள் ஆட்கள் நல்லது கெட்டது என்று ஒரு காரணம் இல்லாமல் வெளியூருக்குக் காலெடுத்து வைக்கமாட்டார்கள்.

கிள்ளானில் என் தம்பி ஒரு சீன முதலாளியிடம் தேங்காய் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். சீனப் பெருநாள் வந்தால் அந்த லோரி மூன்று நாள் சும்மா நிற்கும். நாங்களும் கடல் பார்க்கப் போகவேண்டும் என்று நான் சொல்ல, அவன் முதலாளியிடம் லோரியைக் கேட்டான். கழுவித் திருப்பிக் கொடுத்தால் சரி என்று அவர் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து, எங்கள் அறையின் சிமெண்டுத் தரையில் லோரியின் அளவுக்குச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டான். நாங்கள் எல்லாரும் அதற்குள் படுத்துப் பார்த்தோம். என் வீட்டுக்காரரின் கால் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"மடக்கிக்குங்க மாமா. இல்லாட்டி பின்கதவ மூட முடியாது" என்றான் தம்பி.

அந்தக் கோட்டை நான் அழிக்கவே இல்லை. தினமும் அதற்குள் மனசால் குடித்தனம் நடத்திப் பார்த்தேன். மேலே இரும்பு வளையங்கள், அவற்றின்மேல் நானே தைத்த கித்தான். குறுக்கே பலகை போட்டு என் பெரிய பெண்கள் இரண்டு பேரும் மேலே. பலகைக்கு அடியில் அரிசி, கருவாடு, சட்டிபானை. வளையத்தில் தூளி கட்டிக் கைக்குழந்தை. கரி அடுப்பைப் பின்கதவுக்குப் பக்கத்தில் தரையில் இறக்கிவைத்துச் சமைப்பது. கிள்ளான், பந்திங், மோரிப். அங்கிருந்து தெற்கே, ரோடு விடுகிற வரைக்கும் கடலை ஒட்டியே போவது. சவுக்கு மரம் கண்ட இடத்தில் நிறுத்துவது. துரை வீட்டுக் கூடாரத்தில் தூளி கிடையாது. அந்த வகையில் எங்கள் வீடுதான் ஒசத்தி.

லீவுதான் தகராறு. பட்டறை லீவுத் தாளில் காரணம் எழுத ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டில் எங்கள் ஆட்கள் சாகடிக்காத சொந்தக்காரர்கள் கிடையாது. ஊரில் இருக்கிற அத்தை, பெரியப்பா எல்லாரும் வரிசையாகப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். என் மாமியாரே இரண்டு தடவை செத்திருந்தார். அவரோ ஊரில் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். ஆபீசில் தாள் எழுதிக்கொடுக்கிற கிராணிக்கும் இது தெரியும். கையெழுத்துப் போடுகிற துரைக்கும் தெரிந்திருக்கும்.

"இந்தத் தடவ சித்தப்பாவ எழுதிடறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒரு மனுஷனக் கொன்னுட்டுத்தான் நான் கடலப் பாக்கணுமா? புள்ளைங்க லயத்துல யாரு கேட்டாலும் பொய் சொல்லணுமா? கடல் பாக்கன்னு எழுதுங்க."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

அவர் சத்தமாகப் பேசத் தெரியாத மனுஷர். வேலை போனால் லயத்து அறையும் போகும், மூன்று பிள்ளைகளோடு தெருவில்தான் நிற்கவேண்டும். அது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் பிடிவாதம் பிடித்தேன். அவர் போய்க் கிராணியிடம் அப்படியே எழுதச் சொன்னார்.

கிராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். "என்னப்பா, புத்தி கெட்டுப்போச்சா? உங்க சித்தப்பாவுக்கு என்ன கொறச்சல்?"

தாள் சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தது. சீன பிட்டர்கள் பெருநாளுக்குப் போகிறார்கள், அதனால் தமிழர்கள் யாருக்கும் அந்த மூன்று நாள் லீவு கிடையாது. அதோடு, கூலிக்காரனுக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று துரை கேட்டதாகக் கிராணியே லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். குழாயடியில் என்னைக் கண்டால் பெண்கள், "என்னக்கா, கடல் குளிச்சாச்சா?" என்பார்கள். நான் வாளியை நிரப்பிக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்து லோரிக்கான கித்தானைத் தைப்பேன். லீவு இல்லாவிட்டாலும் தைப்பேன் என்று மிஷினை மிதித்தேன். அழுதுகொண்டேதான் மிதித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெருநாளுக்கு முதல் நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலை விட்டு வந்தார். கைகால் கழுவினார். காப்பியை வாங்கிப் பக்கத்தில் வைத்தார், குடிக்கவில்லை.

"தொரைய இன்னொரு தடவ பாத்தேன்" என்றார்.

கிராணியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். துரை லீவு எடுக்கும்போது என்ன காரணம் எழுதுவார் என்று கேட்கும்படி கிராணியிடம் சொன்னாராம். கிராணி மாட்டேன் என்று தலையை ஆட்டியிருக்கிறார். இவரே தெரிந்த மலாயில் கேட்டிருக்கிறார்: "துவான் பெர்கி லாவுட், அப்பா செபாப்?" துரை கடலுக்குப் போகிறாரே, என்ன காரணம்? என் வீட்டுக்காரர்! வேலை வாங்குகிற மண்டோர் முன்னால் இருமக்கூடத் தயங்குகிறவர்!

"தொரைக்கு மூஞ்சி செவந்துபோச்சு. நாளைலேருந்து மூணு நாளைக்குப் பட்டறைப் பக்கம் வரக் கூடாதுன்னுட்டாரு. சம்பளமும் கெடையாது. நாலாம் நாள் வந்து மன்னிப்புக் கேக்கணுமாம்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். "எந்த மூணு நாள்?"

"நாளைக்கு, நாளானிக்கு..." என்று விரல் மடக்கியவர் அப்படியே நிறுத்தினார். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆள் இல்லை என்று எந்த மூன்று நாளுக்கு லீவு மறுத்தாரோ அதே மூன்று நாளுக்குத் துரை ஆத்திரத்தில் இவரை வெளியே அனுப்பிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் குழந்தை எழுந்துகொண்டது.

இதற்கு விலை கொடுக்காமல் இல்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள், சித்தப்பாக்களை ஒழுங்காகச் சாகடித்தவர்கள், மண்டோர் ஆனார்கள். இவர் கடைசிவரை பிட்டராகவே இருந்தார். அது என் பிடிவாதத்தால் வந்தது. ஒருநாளும் அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. எனக்கும் இன்றைக்குவரை வருத்தம் இல்லை.

மறுநாள் நன்றாக விடிந்தபிறகுதான் தம்பி லோரியைக் கொண்டுவந்தான். விடிவதற்கு முன்பே, ஒருத்தர் கண்ணிலும் படாமல் போய்விடுங்கள் என்று கிராணி சொல்லியனுப்பியிருந்தார். நான் கேட்கவில்லை. லயத்துக்கு நடுவில் நிறுத்தச் சொல்லி, பாய், பானை, தூளிச் சேலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஏற்றினேன். என் பெண்கள் பலகைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். பாயும் பானையும் ஏறுவதைப் பார்த்து ஆட்கள் கூடிவிட்டார்கள். கிராணியும் பல் குச்சியோடு வந்து நின்றார். கோடிவீட்டு அம்மாள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, ஒப்பாரி வைக்கத் தயாராக ஓடிவந்தார்.

"ஐயோ, யாரு போயிட்டாங்க? எந்த ஊருல?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் என் வீட்டுக்காரர் பின்கதவின்மேல் ஏறி நின்றார். லயத்தின் இரண்டு கோடிக்கும் கேட்கிற மாதிரி, நான் அதுவரை கேட்டேயிராத குரலில் சொன்னார்:

"யாரும் சாகல! நாங்க கடல் பாக்கப் போறோம்!"