கெலமங்கலத்தில் ஒரு விண்மீன் கொத்தைச் சரிபார்த்தோம்

பால்வீதியில் யாரும் பார்க்காத ஒரு விண்மீன் கொத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு வாரமாக நம்பிக்கொண்டிருந்தேன். அது உண்மைதானா என்று தெரிந்துகொள்ளத்தான் போன சனிக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் கிருஷ்ணகிரியிலிருந்து கெலமங்கலம் போனோம்.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு இணையத்தில் ஒரு சிறு குழுவில் சேர்ந்தேன். வானத்தை அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படங்கள் பொதுவில் கிடைக்கின்றன. அவற்றில் விண்மீன்கள் நெருக்கமாகக் கூடியிருக்கும் இடங்களைத் தேடுவதுதான் எங்கள் வேலை. ஏன் அகச்சிவப்பு? நம் பக்கத்துக் கிரானைட் லாரி ஒன்று மண்சாலையில் முன்னால் போனால், எழும் தூசியில் எதிரே வரும் வண்டி தெரியாது. ஆனால் அதன் ஹாரன் கேட்கும். பால்வீதியின் தூசி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைத்துவிடுகிறது. அகச்சிவப்பு அந்த ஹாரனைப் போல, பெரும்பாலும் தாண்டி வந்துவிடுகிறது.

ஒருவர் கண்டதை இன்னொருவர் சரிபார்த்து இருவரும் ஒப்புக்கொண்டால்தான் அது வானியலாளர்களுக்குப் போகும். இரண்டு வருடத்தில் என் பெயரில் ஒன்றுகூடப் போகவில்லை. இந்த முறை என்னுடையதைச் சரிபார்த்தவர் நூர்ஜகான். ஓசூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறார், வீடு கெலமங்கலம். "நேர்ல வாங்க டீச்சர், சேர்ந்து பாத்துடலாம். மதியம் இங்கதான் சாப்பாடு" என்றார். சாப்பாடு போட்டுக் கெட்ட செய்தி சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன்.

பதினொரு மணிக்குக் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினோம். ஓசூர் ஐம்பது கிலோமீட்டர், தலைக்கு நாற்பத்தைந்து ரூபாய். சூளகிரி தாண்டியதும் மேம்பால வேலை நடந்ததால் கால் மணி நேரம் நின்றது. ஓசூரில் கெலமங்கலம் டவுன் பஸ் தயாராக இருந்தது.

"அம்மாவுக்குக் காசு இல்ல. சாருக்கு மட்டும் இருபது ரூபா" என்றார் நடத்துநர்.

"இவங்க வானத்துல புதுசா நட்சத்திரக் கூட்டம் கண்டுபிடிச்சிருக்காங்க. செலவு மட்டும் என்னுது" என்றார் என் வீட்டுக்காரர்.

நடத்துநர் என் பக்கம் திரும்பினார். "அப்டியே பாத்துச் சொல்லுங்கம்மா. எனக்குக் கும்ப ராசி. இந்த ஏழரை எப்பதான் முடியும்?"

அது வேறு பாடம் என்றேன். "எல்லா டீச்சரும் இப்டித்தான் தப்பிச்சுக்கறீங்க" என்று அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

ஊரைத் தாண்டியதும் ஓரிடத்தில் சாலையோரம் வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள் நின்றன. இரண்டு லாரிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் பெருங்கூட்டம். ஏதோ விபத்து என்று எழுந்து பார்த்தேன். பஸ் நகர்ந்ததும் புரிந்தது. லாரி வரிசைக்குப் பின்னால் நெடுகிலும் ஆட்கள், இரண்டாம் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து நின்றிருந்தார்கள். இடைவெளி இருந்த இடத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

ஒன்றரைக்கு நூர்ஜகான் வீட்டில் பிரியாணி. என் வீட்டுக்காரர் தட்டை மூடிக் கையை வைத்தும் நூர்ஜகான் இரண்டாம் முறை பரிமாறினார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் மடிக்கணினியைத் திறக்காமல் விலைவாசி பேசிக்கொண்டிருந்தார்.

"எப்பம்மா பாக்கலாம்?" என்றேன்.

"நான் பாத்துட்டேன் டீச்சர். போன வாரமே. போன்ல சொல்ல மனசு வரல."

படத்தைத் திறந்தார். நான் போட்ட வட்டத்துக்குள் புள்ளிகள் நெருக்கமாகத்தான் இருந்தன. "எண்ணிக்கை சரிதான். நிறத்தப் பாருங்க. வட்டத்துக்குள்ள சிவப்பு கம்மி, வெளிய ஜாஸ்தி."

எனக்கு லாரி இடைவெளி நினைவுக்கு வந்தது. தூசி விண்மீனின் ஒளியைச் சிவக்க வைக்கும். உள்ளே சிவப்பு குறைவு என்றால் அங்கே தூசி மெலிந்திருக்கிறது. பின்னால் எல்லா இடத்திலும் இருக்கும் விண்மீன்கள் அந்த ஓட்டை வழியாக மட்டும் அதிகமாகத் தெரிகின்றன.

நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வட்டத்தைச் சின்னதாக்கச் சொன்னேன். கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னேன். சலிக்காமல் செய்தார். கடைசியாக, சில ஆண்டுகள் இடைவெளியில் எடுத்த படங்களை வைத்து ஒவ்வொரு விண்மீனும் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தோம். ஒரே கொத்தில் பிறந்தவை ஏறக்குறைய ஒரே திசையில் போகும், கல்யாண வேனில் போகிறவர்களைப் போல. என்னுடையவை ஆளுக்கொரு பக்கம் போயின.

"விடும்மா, ஒரு டீ போடச் சொல்லட்டுமா?" என்றார் என் வீட்டுக்காரர், அடுத்தவர் வீட்டில்.

"நானே எழுதிடறேன் டீச்சர். நீங்க எழுத வேணாம்" என்றார் நூர்ஜகான்.

வேண்டாம் என்று மடிக்கணினியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். குழுவின் பதிவில், அந்த இடத்தின் எண்ணுக்கு நேராக, "கொத்து அல்ல; தூசியில் இடைவெளி. நிறமும் நகர்வும் பார்த்தாயிற்று" என்று தட்டினேன். என் பெயரைப் போட்டேன். கீழே அவர் பெயரைப் போட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: கெலமங்கலத்திலிருந்து ராயக்கோட்டை வழியாகவும் கிருஷ்ணகிரி திரும்பலாம். நாங்கள் அப்படித்தான் வந்தோம், இரண்டு பஸ் மாறி. மேம்பால வேலை முடியும் வரை போகும்போதும் இந்த வழியே மேல். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஓசூரில் உட்கார இடம் கிடைக்காது.

பதிவை அனுப்பிய பிறகு எனக்கு வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே படத்தை இனி யாராவது திறந்து, அந்த நெருக்கத்தைப் பார்த்து, என்னைப் போலவே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்காருவார். அவருக்கு எங்கள் இரண்டு பெயரும் அந்த ஒரு வரியும் இருக்கும். அவர் இரண்டு வாரம் அங்கே செலவழிக்காமல் அடுத்த படத்துக்குப் போகலாம்.