வாப்பாட காசு

கண்டக்குழியில் கருவாட்டு வியாபாரம் செய்த அபூசாலிக்கு இரண்டே பிள்ளைகள். மூத்தவன் ஃபாஹிம், இளையவள் மஹ்மூதா. மனைவி முன்னமே மௌத்தாகியிருந்தாள். சீனி வருத்தத்தில் ஒரு காலை வெட்டி எடுத்த பிறகு அபூசாலியால் வங்கிக்குப் போய்வர முடியவில்லை. தன் கணக்கில் மகனின் பெயரையும் சேர்த்தார். பின்னால் பாரிசவாதம் வந்து பேச்சையும் கொண்டுபோனது. அவரைக் குளிப்பாட்டியதும் ஊட்டியதும் மஹ்மூதாதான்.

அந்த நாட்களில் அவள் புருஷன் முபாரிஸுக்கு இதயத்தில் அடைப்பு. கொழும்பில் காசு கட்டி உடனே சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டு அனஸ்தாசியாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நானா ஃபாஹிமிடம் காசு கேட்டு ஓடினாள். அவன் வாசலில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான்.

"அது வாப்பாட காசு, மஹ்மூதா. எடுத்துக் குடுக்கத்தான் என்ட பேரப் போட்டிரிக்கி. அதுல கை வெக்க எனக்கு உரிமையில்ல. நாளைக்கு அல்லாஹ்வுக்கு நான் என்ன பதில் சொல்ற?"

அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வருமுன்னே முபாரிஸ் போய்விட்டான். அப்போதும் அவள் நானாவை வெறுக்கவில்லை. நேர்மையான மனிதன், வேறென்ன செய்வான் என்றுதான் நினைத்தாள்.

அடுத்த நோன்புக்கு முன் அபூசாலியும் கண்ணை மூடினார். நாற்பதாம் நாள் கத்தம்கூட ஓதி முடியவில்லை, கரையில் புதுப் படகு நின்றது. பக்கவாட்டில் 'ஃபாஹிம்' என்று நீல எழுத்து. தென்னைகளுக்கிடையே சுற்றுலாக்காரருக்கென்று கொட்டில்களும் எழும்பின.

"என்ட பங்கு எங்க நானா?"

"பங்கென்ன பங்கு? கூட்டுக் கணக்கு. ஒராள் மௌத்தானா, உசிரோட இரிக்கிறவருக்குத்தான் முழுக்க. வங்கியே சொல்லித்தான் தந்த."

மஹ்மூதா திரும்பி நடந்தாள். தன் புருஷன் சாகக் கிடந்தபோது அது வாப்பாவின் காசு. வாப்பா செத்ததும் இவன் காசு.

பள்ளிவாசல் நிருவாகத்தார் சபூர் செய்து பொறுத்துப்போகச் சொன்னார்கள். "சபூர் செஞ்சுதான் புருஷனப் பறிகுடுத்தன்" என்றுவிட்டு, காதில் கிடந்ததை விற்றுப் புத்தளத்தில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தாள். வங்கி யார் கையில் கொடுத்தது என்பது வேறு, காசு யாருடையது என்பது வேறு என்றார் அவர். வாப்பா மகனுக்கே கொடுக்க எண்ணிப் பெயர் சேர்த்தாரா, எடுத்துத்தரும் வசதிக்குச் சேர்த்தாரா என்பதே கேள்வி.

"வசதிக்குத்தான் எண்டு சொல்ல ஆள் இரிக்கா?"

"ஓம் சேர். நானாவே சொன்ன."

வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டது. ஃபாஹிம் சமாதானம் பேச ஆள் அனுப்பினான். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, வெறுங்கையோடு அனுப்பினாள். கூண்டில் ஏறிய அனஸ்தாசியா கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லவேண்டும் என்றதையும் விடவில்லை. பிறகு ஃபாஹிமிடம் கேட்டார்கள், அப்படிச் சொன்னீர்களா என்று. அவன் தங்கையைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பவில்லை. "ஓம்" என்றான்.

அந்தக் காசு இருவருக்கும் பொதுவான முதுசொம், அவளுடைய பங்கையும் வழக்குச் செலவையும் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பானது. கொட்டில்கள் அதற்குள் கடனில் போயிருந்தன. படகைத் தவிர அவனிடம் எதுவும் மிஞ்சவில்லை. மஹ்மூதா தன் பங்குக்கு அதை எடுத்துக்கொண்டாள். நீல எழுத்தைச் சுரண்டி, சிவப்பில் 'முபாரிஸ்' என்று எழுதுவித்தாள்.

சில மாதம் கழித்து ஃபாஹிமின் மனைவி அஸ்ரியா வந்தாள். "மச்சி, அவர் தொழிலில்லாம ஊட்டோட கெடக்கார். படகுல ஒரு இடம் குடுங்க."

"வரச்சொல்லுங்க. கூலிக்கு."

அவன் வந்தான். கரையில் ஆட்கள் கூடியிருந்தார்கள்.

"எந்தப் படகுல வேல கேக்கிறீங்க நானா? பேரச் சொல்லுங்க."

"முபாரிஸ்."

"கேக்கல்ல."

உரக்கச் சொன்னான். அதன் பிறகுதான் ஏறவிட்டாள்.

ரத்தம் ரத்தத்தோடு சேர்ந்துவிடும் என்று ஊர் சொல்லிக்கொண்டது. அவனும் அப்படித்தான் எண்ணியிருக்கவேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளன்று புதுச் சட்டையோடு வந்து, கண் கலங்க மாப்புக் கேட்டான். மஹ்மூதா வட்டிலப்பத்தை எடுத்து அவன் முன்னே வைத்தாள்.

"தின்னுங்க" என்றாள். "நாளைக்கு விடியக் காத்தில்ல. நேரத்தோட வேலைக்கு வாங்க."