நஸீமா ராத்தாவும் மூன்றாவது சேறும்

இரங்கல் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டபோது நான் எழும்பிப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஆய்வுகூடத்தில் என்னைவிட மூத்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நஸீமா ராத்தாவின் மரணச் செய்தி வந்தபோது பாலையூற்றில் வேலைக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். "உம்மா மௌத்தாகிட்டாங்க அக்கா. நெஞ்சு வலியெண்டு சொன்னாங்க, அவ்வளவுதான்," என்றாள் போனில் அவர் மகள். தெருவைக் கடந்து ராத்தாவின் ஊரான கிண்ணியாவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

எங்கள் ஆய்வுகூட உதவியாளர் நஸீமாவை, நாங்கள் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டவரை, உங்களுக்குத் தெரியும். இலைகள் மக்கி உண்டாகும் கறுப்புப் பொருளான ஹியூமிக் அமிலத்தைக் கண்டல் காட்டுச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்தவர் அவர். கண்ணாடித் தட்டில் வளர்த்த நோயெதிர்ப்புக் கலங்களில், அதாவது செல்களில், அதை இட்டால் அழற்சி தணிகிறதா என்று பார்ப்பது என் வேலை. முதல் இரண்டு இடத்துச் சேற்றிலும் தணிந்தது.

ராத்தாவின் விரல் மூட்டுகள் வாதத்தால் வீங்கியிருந்தன. "ஒரு மிடறு குடிச்சுப் பாருங்களன்," என்று பகிடி பண்ணினோம்.

"என்ட விரல் கண்ணாடித் தட்டிலயா புள்ள வளந்தது?" என்றார்.

மூன்றாவது இடத்துச் சேறு அழற்சியைக் கூட்டியது. "ஏதும் ஊத்தை கலந்திருக்கும், விடுங்கோ," என்றார் பேராசிரியர். எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பேராசிரியரிடம் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. அந்த முடிவை எழுதியிருந்த வரியை வெட்ட, ஆய்வுக் குறிப்புக் கொப்பியில் பேனாவை வைத்தேன். ராத்தா தன் வீங்கிய கையை அதன்மேல் வைத்தார்.

"ஊத்தையெண்டா ஊத்தையெண்டு காட்டுவம். வெட்டுறது என்ன கத?"

கிருமி நச்சு இருக்கிறதா என்று சோதித்தோம். இல்லை. புதிதாகப் பிரித்தெடுத்து மறுபடி செய்தோம். அதே விடை. இந்தக் கறுப்புச் சாற்றை இப்போதே மருந்தென்று போத்தலில் விற்கிறார்கள். "என்னப் போல கை வீங்கின ஒருத்தி நம்மட கட்டுரைய நம்பிக் குடிப்பா. அவக்கு இன்னும் வீங்கினா ஆரு பதில் சொல்லுற?" என்று கேட்டார்.

மரண வீட்டில் ஒருவர், "அந்த மருந்தக் குடிச்சிருந்தா இருந்திருப்பா," என்றார். அது மருந்தல்ல என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

ராத்தாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். ஒவ்வோர் எண்ணை எழுதும்போதும், அதை நம்பி யார் என்ன செய்வார் என்று யோசிக்கிறேன்.

போன கிழமை கட்டுரையின் இறுதிப் பிரதி வந்தது. முதல் பக்கத்தில், 'நஸீமாவின் நினைவுக்கு' என்றிருக்கிறது. மூன்றாவது சேறு எந்தப் பக்கத்திலும் இல்லை.

பேராசிரியர் சேர், தயவுசெய்து அந்த முடிவையும் சேருங்கள். ஏலாதென்றால் ராத்தாவின் பெயரை எடுத்துவிடுங்கள். என்னுடையதையும்.