சட்டைக்குள் ஒரு சிவப்பு சுவெட்டர்

மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் நாங்கள் சேலைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைத்தான் போடுவோம். எழுபதுகளில் ஒருநாள், பக்கத்து வீட்டு லெட்சுமி மட்டும் நீலச் சுவெட்டரில் வேலைக்கு வந்தாள். “பேரன் எடுக்கப் போற வயசுல மினுக்கப் பாரு லா!” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளே அவள் சட்டைக்குத் திரும்பிவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ஒரு கடையில் ஒரு சிவப்பு சுவெட்டரைப் பார்த்து மனசு கேட்காமல் வாங்கிவிட்டேன். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. வாங்கியதைப் போட வழியில்லை; என் வாயே என்னைக் கட்டிப்போட்டிருந்தது. கடைசியில் அதை உள்ளே போட்டு, மேலே அவர் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு மலைக்குப் போனேன்.

உச்சிவெயிலில் வெந்துபோனேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தலை சுற்றி விழுந்தேன். லெட்சுமிதான் ஓடிவந்து என் பொத்தான்களைக் கழற்றினாள். சிவப்பைக் கண்டதும் அவள் கை நின்றது. சுற்றிலும் ஆட்கள் நெருங்கினார்கள்.

அவள் மளமளவென்று பொத்தான்களைத் திரும்பப் பூட்டினாள்.

“பசி மயக்கம்தான். தள்ளுங்க லா, காத்து வரட்டும்.”

அந்தச் சுவெட்டரை நான் பிறகு போடவில்லை. அவளிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. அன்று அவள் பதிலுக்கு ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால், கணக்குத் தீர்ந்தது என்று நான் தப்பித்திருப்பேன்.