பிள்ளைப்பாக்கத்தில் சிக்கிய தேன்சிட்டு

1991. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. பையும் கையுமாகத் தனியாக வரும் பெண்ணைக் கண்டால் சுற்றுவட்டாரமே முறைக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் நான் பிள்ளைப்பாக்கத்து முருங்கைத் தோப்பில் வலை கட்டிக்கொண்டிருந்தேன். புத்தி இருக்கிறவள் செய்கிற காரியமா?

தேன்சிட்டுகள் பூவைத் தேடி ஊர்விட்டு ஊர் போகின்றனவா என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. மணிமங்கலம் ஏரிக்கரையில் பிடித்த சிட்டுகளின் காலில் சிவப்புப் பிளாஸ்டிக் வளையம் மாட்டி விட்டிருந்தேன். "அதுல ஒண்ணாவது வேற ஊர்ல சிக்கணும். வளையத்தோட போட்டோ எடுத்துட்டு வா. இல்லேன்னா இந்தத் தலைப்பையே விட்டுடு," என்று என் கைடு கறாராகச் சொல்லிவிட்டார். முருங்கைப் பூ உதிர்ந்துவிட்டால் ஆய்வும் அதோடு சரி.

அன்று காலை வலையில் ஒரு சிட்டு தொங்கியது. காலில் சிவப்பு! கேமராவை எடுக்கப் பையைத் திறந்தேன். பின்னாலிருந்து யாரோ பையை வெடுக்கென்று பிடுங்கினார்கள். தோப்புக்காரர். கூடவே நாலைந்து பேர்.

"இன்னா இது, வலை, கம்பி, பைனாகுலரு? யார் நீ?"

"குருவி ஆராய்ச்சிங்க. காலேஜ்ல படிக்கிறேன்."

"குருவிக்கு இன்னாத்துக்கு இவ்ளோ சாமான்? போலீசு வரட்டும். அதுவரைக்கும் எதையும் தொடாத."

வெயில் ஏறிக்கொண்டே போனது. வலையில் சிக்கிய தேன்சிட்டு வெகுநேரம் தாங்காது. உதறி உதறி அது ஓய்ந்துவிட்டது, அலகு திறந்தபடியே கிடந்தது. "குருவி செத்துடும்ங்க, அத மட்டும் எடுத்துடறேன்," என்று கெஞ்சினேன். கெஞ்சக் கெஞ்ச அவர்களுக்குச் சந்தேகம்தான் கூடியது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

தோப்புக்காரரின் மனைவிக்குத்தான் மனசு கேட்கவில்லை. "அந்தப் பொண்ணு இன்னா வேணா பண்ணிருக்கட்டும், இது இன்னா பண்ணுச்சு?" என்று அரிவாளால் வலையை அறுத்துச் சிட்டை உள்ளங்கையில் ஏந்தினாள். விரலில் தண்ணீர் தொட்டு அலகில் வைத்தாள். அது கண்ணைத் திறந்தது.

"அக்கா, அப்படியே புடிச்சுக்கோங்க! அந்தக் கேமராவக் குடுங்க, ஒரே ஒரு போட்டோ!"

"கேமராவத் தொட்டே, அவ்ளோதான்," என்றார் தோப்புக்காரர்.

அக்கா சிட்டின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயே, எவனோ காலக் கட்டி வுட்டுகிறான் பாரு." வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள்.

"ஐயோ, வேணாங்கா!"

ஊக்கு முனையால் நெம்பி வளையத்தை எடுத்துவிட்டாள். அந்தக் குச்சிக் காலில் ஒரு கீறல்கூட இல்லை. சிட்டு விர்ரென்று பறந்து போனது. அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வளையத்தை என் கையில் வைத்தாள். அவள் இல்லாவிட்டால் சிட்டு செத்திருக்கும். அது தெரிந்தும் அவள்மேல் வந்த கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

போலீஸ்காரர் வந்து என் காலேஜ் அட்டையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். மறுநாள் கைடின் மேசைமேல் வளையத்தை வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் அதைக் கையில்கூட எடுக்கவில்லை.

"இதே மாதிரி ஒரு பாக்கெட் உங்கிட்டயே இருக்கேம்மா," என்றார்.