என் பங்குத் தண்ணீர்

பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாங்கல் கரைசல் பாடம் நடத்தும்போது நான் கொஞ்சம் அலட்டிக்கொள்வேன். அமிலம் விட்டாலும் காரம் விட்டாலும் லேசில் அசைந்து கொடுக்காது, நம் ரத்தமே அதற்கு உதாரணம் என்பேன். என் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்த பிறகுதான் அந்த ரத்தத்துக்கும் முட்டுக்கொடுக்க ஆள் வேண்டும் என்று உறைத்தது. இப்போது அமிலத்தைச் சமாளிக்கத் தினமும் ஒரு மாத்திரை. வேதியியல்படி பார்த்தால் வெறும் ஆப்பச் சோடா. உடம்பில் தேங்கும் தண்ணீரை எடுக்க, ஒருநாள் விட்டு ஒருநாள் கடலூர் செம்மண்டலத்திலிருந்து சிதம்பரம் போய் டயாலிசிஸ்.

அதெல்லாம் பரவாயில்லை. ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான் என்று டாக்டர் சொன்னதுதான் எனக்கு எரிச்சல். ரசமும் மோரும்கூட அதில் சேர்த்தியாம். கடலூர் வெயிலில் யாராவது மடக் மடக்கென்று குடித்தால் பற்றிக்கொண்டு வரும். என் கணவர் மட்டும் என் கண்ணெதிரே குடிப்பதே இல்லை. அடுப்படியில் ஒளிந்து குடிக்கிறார் என்று நினைத்து, அதற்கும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வேன்.

மனிதர் மொட்டைமாடிகளில் சோலார் பேனல் மாட்டுகிறவர். சித்திரையில் ஒருநாள் என்னை டயாலிசிஸுக்குக் கூட்டிவந்தவர், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். சிறுநீரகத்தில் கல், உடம்பில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்றார்கள். அவரைப் பக்கத்து அறையில் படுக்கவைத்துவிட்டு வந்த நர்ஸ் சிரித்தாள்.

"அவுங்களுக்கு ஏத்துறோம், உங்களுக்கு எறக்குறோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் உருப்படியாக வேலை செய்கிற சிறுநீரகம் இரண்டுதான், இரண்டும் அவரிடம். அதுவும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று மெஷின் ஓடி முடியும்வரை பயந்து செத்தேன்.

முடிந்ததும் போய், இத்தனை நாள் தண்ணீரே குடிக்கவில்லையா என்று கேட்டேன். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நீ வாய் காஞ்சி ஒக்காந்திருக்கசொல்ல எனக்கு எறங்கல டீச்சர்."

என்னைக் கொஞ்சும்போது மட்டும்தான் டீச்சர். அழுதேன், அப்புறம் நன்றாகத் திட்டினேன்.

வீடு வந்ததும் சொம்பு நிறைய மொண்டு அவரிடம் நீட்டினேன்.

"என் எதுருலயே குடிங்க மாமா. முழுசும்."

தலையைக் குனிந்துகொண்டு குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தபடி நின்றேன். எனக்கும் தாகம்தான். சொம்பு காலியானதும் வாங்கிக்கொண்டு போய், இன்னொரு முறை நிறைத்து வந்தேன்.